ப்ராசஸர், ரேம் ஓவர்கிளாக்: மதுரை வெயிலை மனதில் வைத்துச் சில பதில்கள்

மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் டெஸ்க்டாப் வைத்திருக்கும் கல்யாண ஆல்பம் டிசைனர்கள், வீடியோ எடிட்டர்கள், ஃபிளெக்ஸ் போடுபவர்கள், கேம் விளையாடும் கல்லூரிப் பிள்ளைகள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. கம்பெனி வைத்த வேகத்துக்கு மேல் ஓட்டும் ஓவர்கிளாக் பற்றிக் கிடைக்கும் வழிகாட்டிகளில் பலவும் குளிர்ந்த அறையில் வைத்துச் சோதித்து எழுதப்பட்டவை. நம் ஊர் மொட்டை மாடி அறைக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. அதனால் நம் வெயில், நம் கரண்ட், நம் வேலை ஆகியவற்றை வைத்தே பதில் சொல்லியிருக்கிறேன்.

ஓவர்கிளாக் செய்யும்போது உள்ளே என்னதான் மாறுகிறது?

ப்ராசஸரின் வேகம் இரண்டு எண்களின் பெருக்கல். பேஸ் கிளாக் 100 மெகாஹெர்ட்ஸ். அதை மல்டிபிளையர் பெருக்குகிறது. மல்டிபிளையர் 45 என்றால் 4.5 ஜிகாஹெர்ட்ஸ், 47 என்றால் 4.7. இந்த மல்டிபிளையரைக் கூட்டுவதைத்தான் பெரும்பாலும் ஓவர்கிளாக் என்கிறோம். பேஸ் கிளாக்கைத் தொடவே வேண்டாம். பல போர்டுகளில் அதோடு சேர்ந்து கிராஃபிக்ஸ் கார்டும் டேட்டா வைக்கும் என்.வி.எம்.இ. டிஸ்க்கும் இருக்கிற பாதையின் வேகமும் நகரும். டேட்டாவோடு விளையாடுகிற வேலை அது.

வேகம் கூடினால் ஒவ்வொரு கணக்கையும் முடிக்கச் சிப்புக்குக் கிடைக்கும் நேரம் குறைகிறது. அந்த நேரத்துக்குள் முடிக்க ஒரு கட்டத்துக்கு மேல் கூடுதல் வோல்டேஜ் கேட்கும். வோல்டேஜ் கூடினால் சூடு கூடும். மற்ற எல்லாச் சிக்கலும் இங்கிருந்துதான் கிளம்புகிறது.

என் சிஸ்டத்தில் செய்ய முடியுமா?

இன்டெல் என்றால் பெயரின் கடைசியில் கே என்ற எழுத்து இருக்க வேண்டும், கே.எஃப்., கே.எஸ். என்றாலும் சரி. கூடவே இசட் வரிசைச் சிப்செட் போர்டு வேண்டும், இசட்690, இசட்790 மாதிரி. பி660, பி760 போர்டுகளில் ரேம் வேகத்தைக் கூட்டலாம், ப்ராசஸர் மல்டிபிளையரைக் கூட்ட முடியாது.

ஏ.எம்.டி. ரைசனில் பெரும்பாலானவை பூட்டில்லாதவை. போர்டு பி450, பி550, பி650 அல்லது எக்ஸ் வரிசையாக இருந்தால் போதும். ஏ320, ஏ520 போர்டுகளில் ப்ராசஸர் ஓவர்கிளாக் கிடையாது. 5800எக்ஸ்3டி போன்ற சில சிப்புகளின் மல்டிபிளையரை ஏ.எம்.டி.யே பூட்டித்தான் அனுப்புகிறது.

கம்பெனியே அசெம்பிள் செய்து விற்கும் பிராண்டட் டெஸ்க்டாப்புகளில் பயாஸில் (சிஸ்டம் கிளம்பும்போது திறக்கும் போர்டின் செட்டிங் திரை) இந்தப் பக்கமே பெரும்பாலும் இருக்காது. அதை நினைத்து வருத்தப்பட வேண்டாம். அவற்றின் எஸ்.எம்.பி.எஸ். (மின்சாரம் கொடுக்கும் பெட்டி), கூலர் இரண்டும் இதற்காகச் செய்யப்பட்டவை இல்லை.

இவ்வளவும் செய்து என்ன லாபம்?

2011-இல் வந்த இன்டெல் ஐ5 2500கே ப்ராசஸரின் அடிப்படை வேகம் 3.3 ஜிகாஹெர்ட்ஸ். அதை 4.5 வரை கொண்டுபோவது அன்றைக்குச் சாதாரணம். ஓவர்கிளாக் என்றாலே பெரிய லாபம் என்ற பேச்சு அந்தக் காலத்தது. இப்போது வரும் சிப்புகள் சூடும் மின்சாரமும் அனுமதிக்கிற எல்லை வரை தாமாகவே பூஸ்ட் ஆகின்றன. நாம் கூட்டுவதற்கு மிச்சம் வைப்பது கொஞ்சம்தான்.

ஆகவே என் கருத்து இது: ரேமை அதன் பெட்டியில் எழுதியுள்ள வேகத்தில் ஓட்டுவது அனைவரும் செய்ய வேண்டியது. ப்ராசஸருக்கு வோல்டேஜைக் குறைத்துக் கொடுப்பது நம் ஊருக்கு ரொம்பப் பொருத்தம். வோல்டேஜைக் கூட்டி 200 மெகாஹெர்ட்ஸ் பறிப்பது ஆர்வம் உள்ளவர்களுக்கு மட்டும். அதுவும் பிழைப்புக்கான சிஸ்டத்தில் வேண்டாம்.

அப்படியானால் முதலில் எதைத் தொட வேண்டும்?

ரேமைத்தான். 3200 என்று எழுதிய ரேமை வாங்கி மாட்டி, வருடக்கணக்கில் 2133-லோ 2400-லோ ஓட்டிக்கொண்டிருக்கும் சிஸ்டங்கள் எத்தனையோ. மாட்டியவுடன் பல ரேம்கள் ஒரு பாதுகாப்பான பொது வேகத்தில்தான் கிளம்பும். எழுதியுள்ள வேகம் வேண்டுமென்றால் பயாஸில் போய் எக்ஸ்.எம்.பி. ப்ரொஃபைலை, அதாவது ரேமிலேயே பதிந்திருக்கும் வேகச் செட்டிங்கை, ஆன் செய்ய வேண்டும். சில ஏ.எம்.டி. போர்டுகளில் இதற்கு டி.ஓ.சி.பி. என்று பெயர். டி.டி.ஆர்.5 வந்த பிறகு ஏ.எம்.டி.க்கென எக்ஸ்போ என்ற ப்ரொஃபைலும் வருகிறது.

இப்போது எந்த வேகத்தில் ஓடுகிறது என்று பார்ப்பது சுலபம். விண்டோஸில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் மெமரியைத் தட்டினால் ஸ்பீட் என்று வலது பக்கம் கீழே காட்டும். சி.பி.யு.-இசட் மென்பொருளில் பார்த்தால் பாதிதான் தெரியும், 3200 ரேமுக்கு 1600 என்று. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரோ என்று பதறி வருபவர்கள் உண்டு. டி.டி.ஆர். ரேம் ஒரு துடிப்பில் இரண்டு முறை டேட்டா அனுப்புகிறது. 1600-ஐ இரண்டால் பெருக்கிக்கொண்டால் கணக்கு சரியாக வரும்.

இரண்டு ஸ்டிக் இருந்தால் எந்த ஸ்லாட் என்பதும் முக்கியம். நான்கு ஸ்லாட் போர்டில் பொதுவாக ப்ராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவதும் நான்காவதும். பக்கத்துப் பக்கத்து ஸ்லாட்டில் செருகினால் இரண்டும் ஒரே சேனலில், அதாவது ஒரே டேட்டா பாதையில், உட்கார்ந்துவிடும். தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாமல் ரைசன் 5600ஜி போன்ற சிப்பில் கேம் ஓட்டுபவர்களுக்கு, இந்த ஸ்லாட்டும் எக்ஸ்.எம்.பி.யும் தரும் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். அதில் கிராஃபிக்ஸும் இதே ரேமைத்தான் பயன்படுத்துகிறது.

3600 ரேம் 3200-ஐவிட எப்போதும் வேகமானதா?

ரேம் பதில் தர எத்தனை துடிப்பு எடுக்கும் என்று சொல்லும் சி.எல். எண்ணையும் சேர்த்துப் பாருங்கள். சி.எல். எண்ணை 2000-ஆல் பெருக்கி, ரேம் வேகத்தால் வகுத்தால் தாமதம் நானோ வினாடியில் கிடைக்கும். 3200 சி.எல்.16 என்றால் 10 நானோ வினாடி. 3600 சி.எல்.18 என்றாலும் அதே 10. டேட்டா பாயும் அளவு 3600-இல் கூடுதல், அவ்வளவுதான். 2666 சி.எல்.19 என்றால் 14-க்கு மேல் போய்விடும். அதை மாற்றினால் பலன் தெரியும்.

ரைசனில் இன்னொரு கணக்கும் உண்டு. ப்ராசஸரின் உள்பாகங்களை இணைக்கும் இன்ஃபினிட்டி ஃபேப்ரிக் ரேமோடு ஒன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் ஓடும்போதுதான் நல்லது. 3000, 5000 வரிசைகளுக்கு 3600 வரை நிம்மதியாகப் போகலாம். 7000 வரிசையில் கணக்கு கொஞ்சம் வேறு, ப்ராசஸருக்குள் ரேமைக் கையாளும் மெமரி கன்ட்ரோலர் ரேமுக்குச் சமமாக ஓட வேண்டும், அதற்கு டி.டி.ஆர்.5 6000 சி.எல்.30 போதும். அதற்கு மேல் விலைதான் ஏறும்.

பழைய 8 ஜி.பி. இருக்கிறது. இன்னொரு 8 ஜி.பி. வாங்கிச் சேர்த்து எக்ஸ்.எம்.பி. போடலாமா?

போட்டுப் பார்க்கலாம், நம்பக் கூடாது. ஒரே கம்பெனி, ஒரே மாடல் எண் என்றாலும் உள்ளே இருக்கும் சிப் வேறு வேறாக இருக்கலாம். முழு வேகத்தில் சோதனை தாண்டவில்லை என்றால் ஒரு படி இறக்குங்கள், 3200-க்குப் பதில் 2933. அதிலும் பிழை வந்தால் 2666. புதிதாக வாங்குபவர்கள் இரண்டு ஸ்டிக் சேர்ந்த கிட்டாகவே வாங்கிவிட்டால் இந்தத் தொல்லை வராது.

மதுரை வெயிலுக்கு ஓவர்கிளாக் தாங்குமா?

கேட்கிறவர்கள் குறைவு, ஆனால் எனக்கு இதுதான் முக்கியமான கேள்வி.

கூலர் என்பது குளிர்விக்கும் கருவி என்று நினைக்கிறோம். அறைக்காற்றின் வெப்பத்துக்குக் கீழே அது ஒருபோதும் போகாது. காற்றுக் கூலரும் சரி, லிக்விட் கூலரும் சரி, சிப்பின் சூட்டை அறைக்காற்றில் கொட்டுகின்றன, அவ்வளவுதான். அதனால் பார்க்க வேண்டியது அறையைவிடச் சிப் எவ்வளவு அதிகம் என்பதை. மார்கழி இரவில் அறை 26 டிகிரி, முழு வேலையில் ப்ராசஸர் 74 டிகிரி என்றால் வித்தியாசம் 48. அதே செட்டிங், அதே கூலர். கத்திரி வெயிலில் மாடி அறை 38 டிகிரி இருக்கும்போது ப்ராசஸர் 86-ஐத் தொடும். சூடான சிப் கொஞ்சம் கூடுதலாகவே மின்சாரம் கசியவிடும் என்பதால் நடைமுறையில் அதையும் தாண்டலாம்.

மதுரையில் மே மாதம் வெளியே 40 டிகிரி புதிதில்லை. கான்கிரீட் தளம் பகல் முழுக்க வாங்கிய சூட்டை இரவு பத்து மணிக்கும் இறக்கிக்கொண்டிருக்கும். மார்கழியிலோ தையிலோ ஓவர்கிளாக் செய்து, எல்லாம் நிலையாக இருக்கிறது என்று விட்டுவிட்டவர்களின் சிஸ்டம் அழகர் ஆற்றில் இறங்கும் நேரத்தில் ரீஸ்டார்ட் ஆகத் தொடங்குவதற்குக் காரணம் இதுதான். பொருள் எதுவும் பழுதாகியிருக்காது. குளிர்காலத்தில் இருந்த தாங்கும் இடைவெளி வெயிலில் தீர்ந்துபோயிருக்கும்.

எனவே குளிர்காலத்தில் செட்டிங் வைப்பவர்கள் முழுச் சுமையில் 75 டிகிரிக்குள் நிற்குமாறு வைத்துக்கொள்ளுங்கள். சித்திரையில் வைப்பவர்கள் 85-க்குள். இன்டெல் சிப்புகள் பல 100 டிகிரியில்தான் வேகத்தைக் குறைக்கத் தொடங்கும். ரைசன் 7000 வரிசை 95 வரை போகும்படியே வடிவமைக்கப்பட்டது. அந்த எண்கள் சிப் தன்னைக் காத்துக்கொள்ளும் எல்லை. நாம் நிதமும் வேலை வாங்குவதற்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை.

ஏ.சி. அறை என்றாலும் பிற்பகலில் ஏ.சி. அணைந்த நேரத்தில் ரெண்டர் ஓடுமா என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

பெட்டியோடு வந்த கூலர் போதுமா? தூசிக்கு என்ன செய்வது?

வோல்டேஜைக் கூட்டுவதாக இருந்தால் போதாது. எக்ஸ்.எம்.பி.க்கும் வோல்டேஜ் குறைப்புக்கும் தாராளமாகப் போதும்.

டவர் கூலரோ லிக்விட் கூலரோ மாற்றும்போது ஒன்றைக் கவனியுங்கள். பெட்டியோடு வரும் கூலர் மேலிருந்து கீழாகக் காற்றை அடிக்கும். ப்ராசஸருக்கு மின்சாரம் கொடுக்கும் வி.ஆர்.எம். பகுதிக்கும் அந்தக் காற்று போய்க்கொண்டிருந்தது. கூலரை மாற்றினால் அது நின்றுவிடும். ஹீட்சிங்க் இல்லாத விலை குறைந்த போர்டில் ப்ராசஸர் 70 டிகிரியில் இருக்க, வி.ஆர்.எம். 100-ஐத் தாண்டி வேகத்தை இழுத்துப் பிடிக்கும். கேபினெட்டின் பின்பக்க ஃபேன் அந்த இடத்திலிருந்து காற்றை உறிஞ்சுகிறதா என்று பாருங்கள்.

தூசி விஷயத்தில் ஆடி மாதம் தனி. ஆடிக் காற்று அம்மியையே நகர்த்தும் என்கிறார்கள், கேபினெட் ஃபில்டர் எந்த மூலைக்கு? மேலூர்ப் பக்கம் கிரானைட் வேலை நடக்கும் இடங்களுக்கு அருகில் என்றால் மாவு மாதிரி வெள்ளைத் தூசி கூலரின் தகடுகளுக்கு இடையில் படியும். வெளியே பார்த்தால் ஃபேன் சுத்தமாகத் தெரியும். ஃபேனைக் கழற்றிப் பார்த்தால்தான் அதன் பின்னால் கம்பளம் போலத் தூசி ஒட்டியிருப்பது தெரியும். சித்திரைக்கு முன் ஒருமுறை, ஆடி முடிந்ததும் ஒருமுறை சுத்தம் செய்யுங்கள். ப்ளோயர் அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். சுற்றவிட்டால் பேரிங் போய்விடும்.

பழைய ரைசன் போர்டில், அதாவது ஏ.எம்.4-இல், கூலரை நேராக மேலே இழுக்காதீர்கள். கூலருக்கும் ப்ராசஸருக்கும் நடுவில் தடவிய பேஸ்ட் காய்ந்து பிடித்திருந்தால் சாக்கெட்டிலிருந்து ப்ராசஸரும் சேர்ந்து பிடுங்கிக்கொண்டு வரும், பின்கள் வளையும். பத்து நிமிடம் சிஸ்டத்தை ஓட்டிச் சூடாக்கி, அணைத்து, பிளக்கைக் கழற்றி, கூலரை இடமும் வலமுமாக மெதுவாகத் திருகித் தளர்த்தி, பிறகு எடுங்கள்.

வோல்டேஜ் எவ்வளவு வரை கொடுக்கலாம்?

மின் செலவு வேகத்தோடு நேர் விகிதத்திலும் வோல்டேஜின் வர்க்கத்தோடும் கூடும். வேகத்தைப் பத்து சதவீதம், வோல்டேஜைப் பத்து சதவீதம் கூட்டினால் 1.1-ஐ மூன்று முறை பெருக்க வேண்டும். கிட்டத்தட்ட 33 சதவீதம் கூடுதல். 120 வாட் எடுத்த சிப் 160 வாட் எடுக்கும். பத்து சதவீத வேகத்துக்கு மூன்றில் ஒரு பங்கு கூடுதல் சூடு என்பதுதான் இந்தப் பேரத்தின் விலை.

எல்லோருக்கும் பொருந்தும் ஒரே எண் கிடையாது. ஒரே மாடலில் இரண்டு சிப் எடுத்தாலும் வேறு வேறு வோல்டேஜ் கேட்கும். நான் வைத்துக்கொள்ளும் எல்லைகளைச் சொல்கிறேன். ரைசன் 3000, 5000 வரிசையில் எல்லாக் கோருக்கும் (ப்ராசஸருக்குள் தனித்தனியாகக் கணக்குப் போடும் பகுதிகள்) நிலையான வோல்டேஜ் வைத்தால் 1.3-ஐத் தாண்டுவதில்லை. டி.டி.ஆர்.4 ரேமுக்கு இயல்பு 1.2 வோல்ட், எக்ஸ்.எம்.பி.யில் பெரும்பாலும் 1.35, கையால் கூட்டினால் 1.4-இல் நிறுத்திவிடுவேன். டி.டி.ஆர்.5-க்கு இயல்பு 1.1, ப்ரொஃபைல் கேட்பது பெரும்பாலும் 1.25 முதல் 1.4 வரை. ப்ரொஃபைல் கேட்பதற்கு மேல் போக எனக்கு விருப்பமில்லை.

வோல்டேஜை ஆட்டோவில் விட்டுவிட்டு மல்டிபிளையரை மட்டும் கூட்டுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. சிஸ்டம் எப்படியாவது பூட் ஆக வேண்டும் என்று பல போர்டுகள் தேவைக்கு மேலேயே வோல்டேஜை ஏற்றிவிடும். ஆட்டோ என்ன கொடுக்கிறது என்பதை எச்.டபிள்யூ.இன்ஃபோ மென்பொருளில் பாருங்கள்.

ஆட்டோவை நம்ப முடியாது என்பதற்குப் பெரிய சாட்சிகள் உண்டு. 2023-இல் ரைசன் 7000 எக்ஸ்3டி சிப்புகள் சில கருகின. எக்ஸ்போ போட்டதும் போர்டுகள் எஸ்.ஓ.சி. வோல்டேஜை (மெமரி கன்ட்ரோலர் இருக்கும் பகுதிக்கான வோல்டேஜ்) அதிகமாகக் கொடுத்ததுதான் பின்னணி. ஏ.எம்.டி. அதை 1.30 வோல்ட்டுக்கு மேல் போகாதபடி பயாஸ் அப்டேட்டில் கட்டுப்படுத்தியது. 2024-இல் இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சிப்புகளின் சிக்கல் வெளியே வந்தது. சிப்பே தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்டு நாளடைவில் நலிந்தது. 0x129 என்ற மைக்ரோகோட் (பயாஸ் வழியாகச் சிப்புக்குப் போகும் நிரல்), அடுத்து 0x12பி என்று திருத்தங்கள் வந்தன. பாதிக்கப்பட்ட மாடல்களுக்கு வாரண்டியை இரண்டு வருடம் நீட்டித்தார்கள். இந்த இரண்டு குடும்பச் சிப் வைத்திருப்பவர்கள் ஓவர்கிளாக்கை யோசிப்பதற்கு முன்னால் பயாஸை அப்டேட் செய்யுங்கள். நலிந்த சிப்பை அப்டேட் திரும்பக் கொண்டுவராது, அதனால் தள்ளிப்போடாதீர்கள்.

வோல்டேஜைக் குறைப்பது என்று சொன்னீர்களே, அது எப்படி வேகத்தைக் கூட்டும்?

இன்றைய சிப் சூட்டுக்கும் வாட்டுக்கும் உள்ள எல்லையைப் பார்த்துத்தான் பூஸ்ட் ஆகிறது. அதே வேகத்துக்குக் குறைந்த வோல்டேஜ் கொடுத்தால் சூடு குறையும். எல்லை வரை மிச்சம் இருக்கும் இடத்தில் சிப் தானாகவே மேலே ஏறும். நம் ஊரில் இந்த வழியைத்தான் எல்லோருக்கும் சொல்கிறேன்.

ரைசன் 5000 முதல் கர்வ் ஆப்டிமைசர் என்ற வசதி உண்டு. பயாஸில் பி.பி.ஓ. என்ற பூஸ்ட் செட்டிங் பக்கத்துக்குள் இருக்கும். நெகட்டிவ் 10 என்று எல்லாக் கோருக்கும் வைத்துத் தொடங்குங்கள். ஒரு எண் என்பது சுமார் 3 முதல் 5 மில்லிவோல்ட். நன்றாக ஓடினால் 15, பிறகு 20. எல்லாக் கோரும் ஒரே மாதிரி தாங்காது. தடுமாறும் கோரை மட்டும் தளர்த்தலாம்.

இதில் ஒரு விசித்திரம். முழுச் சுமையில் மணிக்கணக்கில் தாங்கும் சிஸ்டம், பிரவுசரைத் திறந்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போன நேரத்தில் ரீஸ்டார்ட் ஆகும். சுமை குறைவாக இருக்கும்போதுதான் ஒற்றைக் கோர் உச்ச வேகத்துக்குத் தாவுகிறது, வோல்டேஜ் பற்றாக்குறை அங்கேதான் வெளிப்படும். எஸ்.எம்.பி.எஸ். கெட்டுவிட்டது என்று அதை மாற்றிப் பணத்தைச் செலவழிப்பார்கள். கோர்சைக்ளர் என்ற கருவி ஒவ்வொரு கோராகச் சோதிக்கும். எந்தக் கோர் என்று காட்டிவிடும்.

படிப்படியாக எப்படிச் செய்வது?

டேட்டா முழுவதையும் வேறு டிஸ்க்கில் எடுத்து வையுங்கள். கல்யாண வேலைகள் குவிந்திருக்கும் முகூர்த்த மாதத்தில் தொடங்க வேண்டாம். எந்த மாற்றமும் செய்யாமல் அரை மணி நேரம் சினிபெஞ்ச் என்ற சோதனை மென்பொருளை ஓட்டி மதிப்பெண், சூடு, வாட் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். அறை வெப்பத்தையும் குறியுங்கள், சாதாரணச் சுவர் தெர்மாமீட்டர் போதும்.

முதலில் எக்ஸ்.எம்.பி. மட்டும். சோதனை தாண்டிய பிறகுதான் ப்ராசஸர் பக்கம் போக வேண்டும். இரண்டையும் ஒரே நாளில் மாற்றினால் பிழை எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க முடியாது. ப்ராசஸரில் மல்டிபிளையரை ஒன்று கூட்டு, சோதி, குறி. அப்புறம் அடுத்தது. சிஸ்டம் விழுந்தால் 0.01 அல்லது 0.02 வோல்ட் கூட்டிப் பாருங்கள். நீங்கள் வைத்த சூட்டு எல்லையோ வோல்டேஜ் எல்லையோ வந்ததும் அங்கிருந்து ஒரு படி இறங்கி நில்லுங்கள். அந்த ஒரு படிதான் சித்திரைக்கான சேமிப்பு.

எல்.எல்.சி. என்ற செட்டிங்கை நடுவில் வையுங்கள். சுமை வரும்போது வோல்டேஜ் சற்று இறங்குவது இயல்பு. அதை ஒரேயடியாக நிமிர்த்த எல்.எல்.சி.யை உச்சத்தில் வைத்தால், சுமை விடுபடும் நொடியில் வோல்டேஜ் மேலே துள்ளும். அந்தத் துள்ளலை மென்பொருள் காட்டாது.

எந்தச் சோதனை, எவ்வளவு நேரம்?

வில்லாபுரம் பக்கம் ஆல்பம் டிசைன் செய்யும் ஒருவரின் சிஸ்டம் பார்க்க வந்தது. ஹேங் இல்லை, ப்ளூ ஸ்கிரீன் இல்லை. ஆனால் கேமரா கார்டிலிருந்து காப்பி செய்த படங்களில் இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கீழ்ப்பாதி சாம்பல் நிறமாக இருந்தது. தாலி கட்டும் படம் ஒன்றில் மாப்பிள்ளையின் கைகளுக்குக் கீழே ஒன்றுமே இல்லை. மறுபடி காப்பி செய்தால் அந்தப் படம் சரியாக வரும், வேறொரு படம் கெடும். கார்டு ரீடரை மாற்றியிருந்தார், டிஸ்க்கை மாற்றியிருந்தார். ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 போட்டதும் முதல் சுற்று சுத்தமாக முடிந்தது. இரண்டாவது சுற்றில் சிவப்பு வரிகள் இறங்கத் தொடங்கின. யாரோ 2666 ரேமை 3200-இல் ஓடவிட்டிருந்தார்கள். வேகத்தை இறக்கியதும் காப்பி சுத்தமானது. ஆனால் முந்தைய மாதத்துக் கல்யாணங்களின் கார்டுகளை ஏற்கெனவே ஃபார்மட் செய்துவிட்டார். அந்தப் படங்கள் போனவைதான்.

ரேம் பிழை இப்படித்தான் சத்தமில்லாமல் வேலை செய்யும். ப்ராசஸர் ஓவர்கிளாக் தவறினால் பெரும்பாலும் சிஸ்டம் விழுந்து சொல்லிவிடும். ரேம் தவறினால் உங்கள் ஃபைலில் தப்பாக எழுதிவிட்டுப் பேசாமல் இருக்கும். எனவே ரேமுக்கு மெம்டெஸ்ட்86-ஐப் பென்டிரைவிலிருந்து பூட் செய்து நான்கு சுற்றும் ஓடவிடுங்கள், 32 ஜி.பி. என்றால் ஓர் இரவு ஆகும். அதன் பிறகு விண்டோஸுக்குள் டெஸ்ட்மெம்5 அல்லது ஓ.சி.சி.டி.யின் மெமரி சோதனை. ஒரே ஒரு பிழை வந்தாலும் தோல்விதான். ஒன்றுதானே என்று விடாதீர்கள். டி.டி.ஆர்.5-இல் பிழை திருத்தம் உள்ளேயே இருக்கிறதே என்று சிலர் கேட்கிறார்கள். அது ரேம் சிப்புக்குள் நடப்பதை மட்டும் திருத்தும். சிப்பிலிருந்து ப்ராசஸருக்கு வரும் வழியில் நேரும் பிழையை அது பார்க்காது.

ப்ராசஸருக்கு ப்ரைம்95 அல்லது ஓ.சி.சி.டி. இரண்டு மணி நேரம், பிறகு நீங்கள் உண்மையில் செய்யும் வேலை. எடிட்டர் என்றால் ஒரு முழு நீள ரெண்டர். எல்லாம் முடிந்ததும் விண்டோஸின் ஈவன்ட் வியூவரில் டபிள்யூ.எச்.இ.ஏ. என்ற பெயரில் வன்பொருள் பிழை எச்சரிக்கை இருக்கிறதா பாருங்கள். இருந்தால் சிஸ்டம் விழாவிட்டாலும் அந்தச் செட்டிங் நிலையானது இல்லை. சோதனையைப் பிற்பகல் மூன்று மணிக்கு, ஜன்னல் எப்போதும் இருப்பது போலவே வைத்து ஓட்டுங்கள்.

டிஸ்ப்ளே வரவில்லை. போர்டு போய்விட்டதா?

பெரும்பாலும் இல்லை. ரேம் செட்டிங் பிடிக்கவில்லை என்றால் போர்டு சில முறை தானாகவே அணைந்து எரியும். ஐந்து நிமிடம் பொறுங்கள். டி.டி.ஆர்.5 போர்டுகள் முதல் முறை ரேமைப் பழக்கிக்கொள்ளவே சில நிமிடங்கள் எடுக்கும். அதற்குப் பிறகும் வரவில்லை என்றால் பிளக்கைக் கழற்றி, பவர் பட்டனைச் சில வினாடிகள் அழுத்திப் பிடித்து, போர்டில் பயாஸ் செட்டிங்கை அழிக்கும் சி.எம்.ஓ.எஸ். கிளியர் பின்களை ஸ்க்ரூடிரைவர் நுனியால் பத்து வினாடி தொடவையுங்கள். அல்லது சி.ஆர்.2032 பேட்டரியை எடுத்துவிட்டுச் சற்று நேரம் கழித்துப் போடுங்கள். செட்டிங் எல்லாம் பழைய நிலைக்கு வந்துவிடும், விண்டோஸும் ஃபைலும் அப்படியே இருக்கும்.

கரண்ட் போய்ப் போய் வருகிறது. இன்வர்ட்டர் போதுமா?

வீட்டு இன்வர்ட்டரின் பின்னால் யு.பி.எஸ். மோட், நார்மல் மோட் என்று ஒரு சுவிட்ச் இருக்கும். சீக்கிரம் மாறும் யு.பி.எஸ். மோடில் வையுங்கள். கரண்ட் போன பிறகு எஸ்.எம்.பி.எஸ். தன் கையிருப்பில் 16 மில்லி வினாடி அளவுக்குத்தான் தாங்கும். சுமை கூடக் கூட அதுவும் சுருங்கும். ஓவர்கிளாக் செய்யும் முன் தாங்கிய இன்வர்ட்டர் மாற்றம் பின்பு தாங்காமல் போவது இதனால்தான். சதுர அலை இன்வர்ட்டரில் ஆக்டிவ் பி.எஃப்.சி. என்று எழுதியுள்ள எஸ்.எம்.பி.எஸ்.கள் சில முரண்டு பிடிக்கும். சைன் வேவ் நல்லது.

கடைகளில் கிடைக்கும் 600 வி.ஏ. யு.பி.எஸ். பெரும்பாலும் 360 வாட் வரைதான் தரும். ப்ராசஸர் 160, கிராஃபிக்ஸ் கார்டு 200 என்று சேர்ந்தால் அதுவே கத்த ஆரம்பிக்கும்.

பயாஸ் அப்டேட்டை மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அறிவித்த நாளில் தொடாதீர்கள். பாதியில் கரண்ட் போனால் போர்டே எழாமல் போகலாம்.

கரண்ட் பில் எகிறுமா?

கூடுதலாக 40 வாட், தினம் எட்டு மணி நேரம், 60 நாள் என்றால் இரண்டு மாதத்துக்கு 19 யூனிட் சொச்சம். தனியாகப் பார்த்தால் சிறியதுதான். ஆனால் வீட்டு இணைப்பில் 500 யூனிட் விளிம்பில் இருப்பவர்களுக்கு அந்த 19 யூனிட் மேல் படிக்குத் தள்ளிவிடும். அங்கே கீழ்ப்படி யூனிட்டுகளின் விலையும் சேர்ந்து மாறும்.

வாரண்டி போய்விடுமா?

ஓவர்கிளாக்கால் வரும் சேதத்துக்கு இன்டெல்லும் ஏ.எம்.டி.யும் பொறுப்பேற்பதில்லை. எக்ஸ்.எம்.பி., எக்ஸ்போ, பி.பி.ஓ. எல்லாமே விதிப்படி ஓவர்கிளாக்தான். பில்லையும் பெட்டியையும் பத்திரமாக வையுங்கள். வாரண்டிக்குக் கொடுக்கும் முன் எல்லாவற்றையும் இயல்பு நிலைக்குத் திருப்பி, அப்போதும் பிழை வருகிறதா என்று பாருங்கள். பாதிக்குப் பாதி அங்கேயே தீர்ந்துவிடும்.

செட்டிங்கை எப்படிப் பத்திரப்படுத்துவது?

பயாஸிலேயே ப்ரொஃபைலாகச் சேமிக்கலாம், ஆனால் பயாஸ் அப்டேட் செய்தால் அது பெரும்பாலும் அழிந்துவிடும். ஒவ்வொரு பக்கத்தையும் ஃபோனில் படம் எடுத்து வையுங்கள். கேபினெட்டின் உள்பக்கக் கதவில் ஒரு தாளை ஒட்டி ரேம் வேகம், ரேம் வோல்டேஜ், கர்வ் எண், கடைசியாகப் பேஸ்ட் மாற்றிய மாதம், எந்த மாதத்தில் சோதித்தது ஆகியவற்றை எழுதிவிடுங்கள். அடுத்து அதைத் திறப்பவர் நீங்களாக இல்லாமல் இருக்கலாம்.